அழகுக்கு உரியவர் யார்?

அழகிய பொருள் ஒன்றைக் கண்டு ஒருவன் வியந்து நிற்கும்போது, "இதனை ஆக்கியவர் எவர்? ஆக்கியவர்க்குக் கிடைத்த கூலி எவ்வளவு?" என்று மற்றொருவன் கேட்பானாயின், வியந்தவன் சற்றே நாணுகின்றான். கேட்டவனோ, தான் அறத்தின் பக்கம் நிற்பதாக நிறைவு கொள்கின்றான். பள்ளி வகுப்புகளில் பலமுறை நிகழ்ந்திருப்பது இது. அரண்மனைகளையும் கோட்டைகளையும் பற்றிய பாடம் நடக்கும் வேளையில், மேல் வகுப்பு மாணவருள் கூரிய அறிவுடையவன் எவனேனும் எழுந்து இவ்வினாவை எழுப்பாமல் இருப்பதில்லை. எழுப்ப வேண்டிய வினாவே. ஆயினும், வினாவை எழுப்பிய அளவிலேயே சிந்தனை முடிந்துவிட்டது என்று எண்ணி அவன் அமர்ந்துவிடுகின்றான்; ஆசிரியரும் மணி அடித்ததும் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகின்றார். அவ்வினாவுக்கு அப்பால் செல்ல வேண்டிய வழி நெடியது. அவ்வழியில் ஒரு நாள் தனியே நடந்த மாணவன் ஒருவனைப் பின்தொடர்ந்து செல்வது பயனுடையதாகும்.

அவன் மலேசியாவிலிருந்து இரஷ்ய நாட்டின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு மருத்துவம் பயிலச் சென்றவன். இலையுதிர் காலத்து விடுமுறை நாள் ஒன்றில், உடன் பயில்வோர் எவரையும் அழையாமல், நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாவ்லோவ்ஸ்க் அரண்மனையைக் காணப் புறப்பட்டான். தனியே சென்றதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, நண்பர்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். எனினும் தனிமை அவனுக்கு நன்மையே செய்தது. கூட்டமாகச் செல்வோர்க்குப் பார்ப்பதற்கு முன்னரே கருத்து அமைந்துவிடுகின்றது. ஒருவர் "ஆகா" என்றால் மற்றவரும் "ஆகா" என்கின்றனர். ஒருவர் முகம் சுளித்தால் அனைவர்க்கும் கால் வலிக்கத் தொடங்குகின்றது. கொடி பிடித்து முன்னே நடக்கும் வழிகாட்டியோ, எந்த இடத்தில் எத்தனை நிமிடம் வியக்க வேண்டும் என்பதையும் வகுத்து வைத்திருக்கின்றார். தனியே செல்பவனுக்கு இந்த உதவிகள் ஒன்றும் இல்லை. தன் கண்ணையும் தன் மனச்சான்றையும் தவிர அவனுக்கு வேறு துணை கிடையாது.

வித்தெப்ஸ்க் நிலையத்தில் ஏறிய மின்சார இரயில் முக்கால் மணி நேரத்துக்குள் அவனைக் கொண்டு சேர்த்தது. இரஷ்யாவின் முதல் இரயில் பாதை இதுவே. 1837ஆம் ஆண்டு சார்ஸ்கோயே செலோ வரையிலும், அடுத்த ஆண்டு பாவ்லோவ்ஸ்க் வரையிலும் அது போடப்பட்டது. மக்கள் இரயிலில் ஏறி வர வேண்டுமே என்பதற்காகப் பாவ்லோவ்ஸ்க் நிலையத்தோடு இசையரங்கும் கட்டினார்கள். வியன்னாவின் யோஹான் ஸ்ட்ராஸ் பல கோடைக் காலங்களில் அங்கே வந்து வாசித்திருக்கின்றார். வணிகம் கலையை வளர்த்த கதை அது. அதைத் தனியே எழுதலாம்.

நிலையத்திலிருந்து அரண்மனைக்குச் செல்லும் வழி சோலையின் ஊடே செல்கின்றது. சோலை என்றால் சிறு தோட்டம் அன்று. ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்புடையது. மஞ்சள் இலை சொரியும் பிர்ச் மரங்களுக்கிடையே சிலாவ்யாங்கா என்னும் சிற்றாறு வளைந்து ஓடுகின்றது. ஆற்றின் மேலே, மேட்டு நிலத்தில், 64 வெண்தூண்கள் தாங்கிய தாழ்ந்த குவிமாடத்தோடு இளமஞ்சள் நிற மாளிகை தோன்றுகின்றது. மாணவன் நின்றான். அழகாக இருந்தது. அழகாக இருக்கின்றது என்று தன் உள்ளம் சொன்னதை அவன் கேட்டான். உடனே அதன்மேல் ஐயமும் கொண்டான்.

ஐயம் கொள்ளக் காரணம் இருந்தது. அவனுடைய பாட்டி இரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் எழுந்து பெரட்டுக் களத்தில் நின்று, மங்குகளைத் துடைத்து வைத்து, நிரை நிரையாக மரங்களைச் சீவி, வாளி சுமந்து, லயத்து வீட்டில் பிள்ளை வளர்த்தவர். தோட்டத்தின் மேட்டில் துரை பங்களா ஒன்று இருந்தது. பச்சைப் புல்வெளியும், வெள்ளைத் தூண்களும், அகன்ற தாழ்வாரமும் உடைய அந்த வீட்டை லயத்துப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்ப்பார்கள். மேட்டின்மேல் ஒரு வெள்ளைத் தூண் வீட்டைக் கண்டால் மயங்கக்கூடாது என்பது அவன் குருதியிலேயே ஊறிய பாடம். இப்போது அவன் மயங்கி நிற்கின்றான். இது பாட்டிக்குச் செய்யும் துரோகமா?

இந்த மாளிகையின் வரலாறு அந்த ஐயத்தை வளர்க்கவே செய்யும். 1777ஆம் ஆண்டு, தமக்குப் பேரன் பிறந்த மகிழ்ச்சியில், பேரரசி இரண்டாம் கேத்தரின் இந்நிலத்தைத் தம் மகன் பாவெலுக்கும் மருமகள் மரியா ஃபியோதரவ்னாவுக்கும் கொடுத்தார். பாவெலின் பெயரே ஊரின் பெயராயிற்று. 1782ஆம் ஆண்டு சார்லஸ் காமரூன் என்னும் ஸ்காத்லாந்துக் கட்டடக் கலைஞர் மாளிகையைத் தொடங்கினார். பின்னர் இத்தாலியரான பிரென்னா அதனை விரிவாக்கினார். கலைஞர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. மண் சுமந்தவர், மரம் அறுத்தவர், சுண்ணாம்பு குழைத்தவர் ஆகியோரின் பெயர்களை எந்தச் சுவரும் சொல்லவில்லை. மண்ணோடு மனிதரையும் சேர்த்து உடைமையாகக் கொண்ட பண்ணையடிமை முறை அந்நாட்டில் 1861ஆம் ஆண்டு வரை சட்டமாக இருந்தது. பாவெல் முடிசூடிய 1797ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், உழவரை வாரத்துக்கு மூன்று நாள்களுக்கு மேல் ஆண்டையின் நிலத்தில் வேலை வாங்கலாகாது என்னும் கருத்துப்பட ஓர் ஆணை பிறப்பித்தார். அதே முடிசூட்டு விழாவிலேயே அரசு நிலத்து உழவர் பல்லாயிரவரைத் தமக்கு வேண்டிய பிரபுக்களுக்குப் பரிசாகவும் வழங்கினார். ஒரு கையால் இரக்கம். மறு கையால் மனிதர்களையே அள்ளிக் கொடுக்கும் வண்மை. இத்தகையவரின் வீட்டை அழகு என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது என்பார் ஒரு சாரார். இரத்தத்தையும் வியர்வையையும் குழைத்துக் கட்டிய சுவர் எவ்வளவு பளபளத்தாலும் அது குற்றத்தின் சான்று என்பது அவர்கள் முடிவு. அம்முடிவில் அறச்சீற்றம் இருக்கின்றது, அதனை இகழ்வதற்கில்லை. ஆயினும் அதில் ஒரு குருட்டுப் புள்ளியும் இருக்கின்றது. உழைத்தவனிடமிருந்து அச்சீற்றம் வியர்வையை மட்டுமே காண்கின்றது. அவனுடைய திறமையைக் காண்பதில்லை. பாவ்லோவ்ஸ்க் மாளிகையின் மரத் தளங்களில் வெவ்வேறு நிறமுடைய மரத்துண்டுகளை இழைத்துப் பூவும் கொடியுமாகப் பொருத்தியிருக்கின்றனர். அவற்றைப் பொருத்தும் கைக்கு எத்தனை ஆண்டுப் பயிற்சி வேண்டும்! மரத்தின் வரியோட்டம் அறிந்து, ஈரம் ஏறும்போது எது விரியும், எது சுருங்கும் என்று கணித்துச் செய்யும் வேலை அது. "இது வெறும் வியர்வை" என்று சொல்லும் ஒருவன், கூலியைப் பறித்த ஆண்டை விட்டுவைத்த ஒன்றையும் பறித்துவிடுகின்றான்.

மாணவனின் பாட்டியையே எடுத்துக்கொள்ளலாம். பால் வெட்டுவது எளிய தொழில் என்று வெட்டாதவர் நினைப்பர். பட்டையை மிக மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரத்தில் காயம் பட்டுப் பின்னாளில் பட்டை முண்டு முண்டாக வளரும். இருளில், நெற்றி விளக்கொளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த அளவைக் கை தவறாமல் காத்தவர் அவர். தம் நிரையில் காயம்பட்ட மரம் இல்லை என்பதை முதுமையிலும் பெருமையோடு சொல்வார். தோட்டம் அவருடையதன்று, மரம் அவருடையதன்று, பாலும் அவருடையதன்று. ஆனால் காயம்படாத அந்தப் பட்டை அவருடையது. அதனை எந்தத் துரையும் உரிமை கொண்டாட முடியாது.

1803ஆம் ஆண்டு இம்மாளிகை தீக்கிரையாயிற்று. அதனை மீண்டும் எழுப்பும் பொறுப்பு வொரோனிகின் என்பவரிடம் சேர்ந்தது. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் புகழ்பெற்ற கசான் பேராலயத்தை அமைத்தவர் இவரே. இவர் ஸ்திரோகனோவ் என்னும் பிரபுக் குடும்பத்தின் பண்ணையடிமையாகப் பிறந்தவர்; இளமையிலேயே திறமை கண்டு பயிற்றுவிக்கப்பட்டு, பின்னர் விடுதலை பெற்றவர். எனவே, அரசியின் அறைகளை இரண்டாம் முறை அழகு செய்தவர், பிறப்பால் விற்கவும் வாங்கவும் கூடிய பொருளாக இருந்த ஒரு மனிதர். ஒருவர்க்குக் கதவு திறந்தது. திறக்காமற்போன ஆயிரவர் எத்தகைய ஆற்றல்களோடு மண்ணில் மறைந்தனரோ! இதனை எண்ணும்போது அம்மாளிகை இன்னும் அழகாகவும் தோன்றுகின்றது. இன்னும் கொடியதாகவும் தோன்றுகின்றது. இவ்விரு தோற்றங்களுள் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் பிழை.

மாணவன் காலணிமேல் உறையணிந்து உள்ளே சென்றான். போர் அறை, கிரேக்க அறை, அமைதி அறை ஆகியவை வரிசையாக அமைந்துள்ளன. பாவெலின் பக்கம் போர், மரியாவின் பக்கம் அமைதி. எங்கும் பொன்முலாம் பளபளத்தது. பிறகு ஓரிடத்தில் 1944ஆம் ஆண்டின் புகைப்படம் ஒன்றைக் கண்டான். கூரை இல்லை. தளம் இல்லை. கரிந்த செங்கற் சுவர்களும், அவற்றின் ஊடே வானமும், கீழே பனியும் மட்டுமே இருந்தன. அவன் நின்றுகொண்டிருந்த தளம், சற்று முன் வியந்த விதானம், தூண்களின் தலைப்புப் பூவேலை எல்லாம் அந்தப் படத்தில் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னைய அடிமைகளின் கைத்திறன் என்று அவன் எண்ணி மனம் கனத்தவற்றுள் பெரும்பகுதி, போருக்குப் பின் பிறந்தது. தான் யாருக்காக வருந்தினோம், யாரை வியந்தோம் என்றே அவனுக்குத் தெரியாமற்போயிற்று.

1941ஆம் ஆண்டுக் கோடையில் ஜெர்மானியப் படை அந்நாட்டுள் நுழைந்தது. 1918 முதல் மக்கள் அருங்காட்சியகமாக விளங்கிய பாவ்லோவ்ஸ்கில், கலைப்பொருள்களைக் கட்டி அனுப்பும் பணியை முன்னின்று நடத்தியவர் ஆன்னா ஸெலெனோவா என்னும் பெண்மணி. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. எல்லாவற்றையும் அனுப்ப வண்டியும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே, ஒரே வகையான நாற்காலிகள் பல இருந்தால் அவற்றுள் ஒன்றை மட்டும் அனுப்பினர்; மற்றவை அழிந்தாலும் அந்த ஒன்றைப் பார்த்து மீண்டும் செய்துகொள்ளலாம் அல்லவா? பேரழிவு வரும் என்று அஞ்சும் வேளையிலேயே, அதற்குப் பின் ஒரு தச்சன் வருவான் என்று நம்பி மாதிரி எடுத்து வைத்தவர்கள் அவர்கள். தூக்க முடியாத பளிங்குச் சிலைகளைச் சோலையில் மிக ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தனர். பழங்காலச் சிலைகளை அடித்தளத்து மூலையில் வைத்துச் சுவரெழுப்பி மறைத்தனர். செப்டம்பரில் பகைவர் வந்தபோது ஸெலெனோவா நகருக்குத் தப்பிச் சென்றார். சுவருக்குப் பின்னே இருந்தவற்றைப் பகைவர் கண்டுபிடிக்கவில்லை. புதைத்த சிலைகளையும் கண்டுபிடிக்கவில்லை.

அப்போது லெனின்கிராத் என்று வழங்கிய அந்நகரம் 872 நாள் முற்றுகையிடப்பட்டது. அந்த முதற் குளிர்காலத்தில், தொழிலாளர் அல்லாதார்க்கு ஒரு நாளைக்குக் கிடைத்த ரொட்டி 125 கிராம். ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் பசியால். பிஸ்கர்யோவ்ஸ்கோயே கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஐந்து இலட்சத்தை நெருங்கும் மக்கள் பெயரின்றிக் கூட்டுக் குழிகளில் உறங்குகின்றனர். 1944 ஜனவரியில் பாவ்லோவ்ஸ்க் மீட்கப்பட்டபோது அரண்மனை எரிந்துகொண்டிருந்தது. சோலையில் எழுபதாயிரம் மரங்கள் வெட்டப்பட்டிருந்தன.

இங்கேதான் அறநூலார் விடை கூறக் கடினமான கேள்வி எழுகின்றது. உண்ண உணவில்லை, இருக்க வீடில்லை, ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த காலம் அது. அந்நிலையில் இறந்துபோன மன்னர்களின் மாளிகைக்குப் பொன்முலாம் பூசுவது எவ்வகை அறம்? ஒரு தாய், "என் பிள்ளைக்குக் கூரை இல்லை, சாருக்குக் கூரையா?" என்று கேட்டிருந்தால் அவளுக்கு என்ன விடை கூறுவது?

பல விடைகள் கூறப்பட்டன. பகைவன் ஸ்லாவிய மக்களைப் பண்பாடு படைக்கும் தகுதியற்ற தாழ்ந்த இனம் என்று சொல்லிக்கொண்டு வந்தவன். அவன் எரித்ததை எரித்தபடியே விட்டால் அவன் சொன்னதை ஒப்புக்கொண்டதாகும் என்றனர். இதில் உண்மை உண்டு. அரசுக்கும் தன் பெருமையைக் காட்டிக்கொள்ளும் நோக்கம் இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் இவ்விரண்டையும்விட வலிய விடை ஒன்று நிகழ்ச்சிகளிலேயே இருக்கின்றது. முற்றுகை நீங்குவதற்கு முன்பே, 1943ஆம் ஆண்டில், அந்நகரத்தில் இளைஞர்களுக்குச் சுதைவேலையும் மரச்செதுக்கும் பொன்முலாம் பூச்சும் ஓவியமும் கற்பிக்கும் தொழிற்பள்ளி ஒன்றைத் திறந்தனர். பெற்றோரைப் பசிக்குப் பறிகொடுத்த பிள்ளைகளை உட்காரவைத்து, இலை எப்படி வளையும், அதன் நரம்பு எங்கே கிளைக்கும், அதனைச் சுதையில் எப்படி வடிப்பது என்று ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்தனர். வகுப்பறையில் நின்று பழகியவர்களுக்கு அக்காட்சியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. அங்கே மீட்கப்பட்டது மாளிகை மட்டும் அன்று. கற்பவன் இருந்தால்தான் கலை இருக்கும். கலை அறிந்த கடைசிக் கிழவன் பசியால் இறந்துவிட்டால் பொன்னும் பளிங்கும் மலைபோல் குவிந்திருந்தும் பயனில்லை.

வீடு கேட்ட தாய்க்கு இது முழு விடை ஆகுமா? ஆகாது. அவள் பிள்ளைக்குக் கூரை வேண்டும் என்பது எந்த நியாயத்தாலும் குறைந்துவிடாத நியாயம். இரு நல்லவை ஒரே நேரத்தில் வேண்டப்படுவதும், ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றொன்றுக்குக் குறைவதும் மனித வாழ்வின் இயல்பு. பிற்காலத்தார் வயிறார உண்டுவிட்டு வந்து, ஒன்றே சரி என்று தீர்ப்புக் கூறுவது எளிது. ஒன்று மட்டும் கூறலாம்: அப்பொன்னைப் பூசியவர்களும் 125 கிராம் ரொட்டியை அறிந்தவர்களே. பிறர் பசியின்மேல் அமர்ந்து அழகை விரும்பியவர்கள் அல்லர். இந்த ஓர் இயல்பால் பாவெலின் அரண்மனைக்கும் அவர்கள் கட்டியதற்கும், சுவரும் தூணும் ஒன்றாகவே இருந்தும், அறத்தில் வேறுபாடு உண்டாகிவிடுகின்றது.

1957ஆம் ஆண்டில் முதல் ஏழு அறைகள் மக்களுக்குத் திறக்கப்பட்டன. எஞ்சியவை 1970களில் நிறைவுற்றன. அப்படியானால் இப்போது காண்பது போலியா என்று கேட்பாரும் உளர். இக்கேள்வி முன்னதைவிட எளிது. 1803ஆம் ஆண்டுத் தீக்குப் பின் வொரோனிகின் கட்டியதும் இரண்டாவதே. அதனை எவரும் போலி என்றதில்லை. தமிழ் கற்பிப்போர்க்கு இது இன்னும் தெளிவாக விளங்கும். பனையோலை பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகக் கூடியது. தலைமுறைதோறும் பெயர்த்தெழுதியவர்கள் இருந்ததனாலேயே நூல்கள் பிழைத்தன. புலவர் தம் கையால் எழுதிய மூல ஓலை நம்மிடம் இல்லை. இல்லாததனால் நூல் போலி ஆயிற்றா? ஏட்டுக்கும் மாளிகைக்கும் ஒரு வேறுபாடு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லை எவர் எழுதினாலும் சொல் அதுவே. ஓவியத்தில் வரைந்தவன் கையே உயிர். ஆகவே மீட்டவர்கள் தாங்கள் மீட்டதை மறைக்கலாகாது. எரிந்த சுவரின் படத்தை அரண்மனைக்குள்ளேயே மாட்டி வைத்திருக்கின்றார்களே, அதுவே அந்த நேர்மை. படம் இல்லாதிருந்தால் போலி என்னும் சொல் பொருந்தியிருக்கும்.

அரியணை மண்டபத்தின் விதானம் இன்னும் வியப்பானது. அண்ணாந்து பார்த்தால் தூண்கள் வானத்தை நோக்கி எழுவது போன்ற மயக்கம் தரும் ஓவியம் அங்கே இருக்கின்றது. அதனைக் கற்பனை செய்தவர் கொன்சாகா என்னும் இத்தாலிய ஓவியர். ஆனால் அவர் காலத்தில் அது வரையப்படவே இல்லை, வரைபடமாகவே தங்கிவிட்டது. போருக்குப் பின் திரெஸ்கின் என்னும் ஓவியரும் அவர் குழுவினரும் அவ்வரைபடத்தைக் கொண்டு விதானத்தில் தீட்டினர். பாவெல் அந்த ஓவியத்தைக் கண்டதில்லை. மரியா கண்டதில்லை. எந்தச் சக்கரவர்த்தியும் அதன்கீழ் அமர்ந்ததில்லை. ஓர் அரியணை மண்டபத்தின் கூரையில், கட்டணம் செலுத்தி வரும் பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வூதியக் கிழவிகளும் அயல்நாட்டு மாணவர்களும் மட்டுமே கண்ட ஓவியம் அது.

மாணவன் அதன்கீழ் நெடுநேரம் நின்றான். ஒவ்வோர் அறையிலும் ஒரு நாற்காலியில் அமர்ந்து காவல் செய்யும் மூதாட்டிகளுள் ஒருவர் அவனை உற்றுப் பார்த்தார். எதையேனும் தொட்டுவிடுவானோ என்ற கவலை போலும். அவன் தொடவில்லை. மாலை இரயிலுக்கு நேரமானபோது, அதே சோலை வழியாகத் திரும்பினான். போருக்குப் பின் நட்ட மரங்கள் ஓங்கி வளர்ந்திருந்தன. எவை பழையவை, எவை புதியவை என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை.

அன்றிரவு விடுதியிலிருந்து ஊருக்குத் தொலைபேசியில் பேசினான். அரண்மனையைப் பற்றிச் சொன்னான்; எத்தனை அறைகள், எவ்வளவு பொன், எப்படி எரிந்தது, எப்படிக் கட்டினார்கள் என்று தன்னால் இயன்றவரை விளக்கினான். பாட்டி குறுக்கிடாமல் கேட்டார். எல்லாம் முடிந்த பின், "அவ்வளவு பெரிய வீட்டை யாருய்யா கூட்டித் துடைக்கிறது?" என்றார்.

"உங்களை மாதிரி வயசான பொம்பளைங்கதான் பாட்டி, அறைக்கு ஒருத்தரா உட்கார்ந்து பார்த்துக்கிறாங்க."

"நின்னுக்கிட்டா, உட்கார்ந்தா?"

"நாற்காலி போட்டுக் குடுத்திருக்காங்க, பாட்டி."

"சரி," என்றார் பாட்டி. பிறகு அவன் சாப்பிட்டானா என்று கேட்டார்.